பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு... தனியாக!

பழவேற்காடு ஏரிக்கரையில் வாழும் மக்களுக்குப் பொன்னேரி என்பது வெறும் பக்கத்து ஊரன்று. மருத்துவமனை அங்கே; வட்டாட்சியர் அலுவலகம் அங்கே; அரசுக் கல்லூரி அங்கே; சென்னைக்குச் செல்லும் மின்சார ரயிலும் அங்கேதான். ஏறத்தாழ 20 கிலோமீட்டர். திருப்பாலைவனம் வழியாகச் செல்லும் பேருந்தில் ஏறி அமர்ந்தால் போதும். கண்ணும் காலும் நலமாக உள்ளவர்கள் இதனை ஒரு பயணமாகவே கருதுவதில்லை.

என்னிடம் குர்ஆன் ஓத வந்த மாணவர் ஒருவருக்கு, இருபத்து மூன்று வயது வரை இந்த 20 கிலோமீட்டர் கடக்கவியலாத தூரமாகவே இருந்தது. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். செவிவழியாகவே பத்து ஜுஸ்உகளை மனனம் செய்தவர். அவருடைய தந்தையார் இறாலும் நண்டும் வாங்கி விற்பவர். மகனை எங்கேனும் அழைத்துச் செல்வதென்றால் அன்றைய வியாபாரத்தை விட்டாக வேண்டும். ஆகவே, அழைத்துச் செல்வது மெல்ல மெல்லக் குறைந்து, பின்னர் நின்றே போயிற்று. "தனியாகப் போய்வரப் பழக்கினால் என்ன?" என்று ஒருநாள் கேட்டேன். திரைக்குப் பின்னிருந்து தாயாரின் குரல் வந்தது: "கண்ணில்லாத பிள்ளையை ரோட்டில விடச் சொல்றீங்களே ஹஜ்ரத்! விழுந்தா யாரு தூக்குவா?"

என்னிடம் விடை இல்லை. உண்மையைச் சொல்வதானால், நானும் அந்தத் தாயாரைப் போன்றவனாகவே இருந்தேன். மதரஸாவின் வாசலிலிருந்து ஓதும் பாய் வரை ஆறாண்டுக் காலம் அவருடைய மணிக்கட்டைப் பற்றி இழுத்துச் சென்றவன் நான். பார்வையற்றவரை அவ்வாறு இழுப்பதும், பின்னாலிருந்து தள்ளுவதும் தவறு என்பதனை, நடமாட்டப் பயிற்சி அளிக்கும் ஆசிரியர் ஒருவர் ஊருக்கு வந்தபோதுதான் அறிந்தேன். அவர் நம் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு அரையடி பின்னால் நடக்க வேண்டும். நம் உடல் திரும்பும்போதும், படி ஏறி இறங்கும்போதும் அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். பிடிப்பவர் அவர், விட்டுவிடும் உரிமையும் அவருடையது. இந்தச் சிறு மாற்றத்தில் எத்துணை மரியாதை அடங்கியிருக்கிறது!

வெள்ளைக் கோலை நாம் ஓர் அடையாளச் சின்னமாக மட்டுமே எண்ணுகிறோம். அதற்கென ஒரு கலை உண்டு. இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த படைவீரர்களுக்காக அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் 1944ஆம் ஆண்டளவில் ரிச்சர்ட் ஹூவர் என்பவர் வகுத்த முறை அது. கோல் நெஞ்சளவு உயரம் இருக்க வேண்டும். இடக்கால் முன்வைக்கும்போது கோலின் நுனி வலப்புறத் தரையைத் தொட வேண்டும். வலக்கால் எடுத்தால் இடப்புறம். அடுத்த அடி விழும் இடத்தைக் கோல் முன்னதாகவே பார்த்துச் சொல்லிவிடுகிறது. இதனைக் கைவரப் பெறவே நம் மாணவருக்குப் பல வாரங்கள் பிடித்தன.

பேருந்துப் பயணம் அதற்குப் பின்னர்தான். முதலில் வீட்டிலிருந்து பேருந்து நிற்குமிடம் வரையிலான தெருவைக் கோலாலும் காதாலும் மூக்காலும் படித்தார். பள்ளிவாசலின் ஹவ்ளு நீரோசை ஓர் அடையாளம். கருவாட்டு வாடை மற்றோர் அடையாளம். தேநீர்க் கடையின் அடுப்புச் சூடு மூன்றாவது. பிறகு தந்தையார் அருகமர்ந்து இருமுறை பொன்னேரி சென்று வந்தார். அடுத்த சில தடவை, அதே பேருந்தின் கடைசி இருக்கையில் வாய் திறவாமல் அமர்ந்துகொண்டார். சீட்டு வாங்குவதும், இறங்குமிடம் கேட்பதும் மகனே. அதன்பின் தந்தையார் முன்னதாகவே சென்று பொன்னேரியில் காத்திருந்தார். கடைசியில் வீட்டிலேயே இருந்துவிட்டார். அன்று அவர் அஸர் தொழுகைக்குள் ஐந்து முறை வாசலுக்கு வந்து நின்றதாகக் கேள்வி.

"இப்படிப் பழக்குவது நமக்குப் புதிதா?" என்று அவரிடம் நான் கேட்டதுண்டு. ஏரிக்கரைச் சிறுவன் முதலில் படகில் சும்மா உட்கார்ந்து வருகிறான். பிறகு தகப்பன் பார்த்திருக்கக் கோல் ஊன்றுகிறான். பிறகு ஒருநாள் தகப்பன் கரையில் நின்றுவிடுகிறார். ஏரியில் நாம் செய்வதைத்தான் சாலையிலும் செய்ய வேண்டியிருக்கிறது.

தவறும் நேர்ந்தது. ஒருநாள் நடத்துநர் சொல்ல மறந்ததால், திரும்பும் வழியில் ஏதோ ஒரு கிராமத்தில் இறங்கிவிட்டார். இருட்டும் வேளை. ஆனால், வழி தவறினால் செய்ய வேண்டியதும் பயிற்சியிலேயே இருந்தது. இறங்கிய இடத்தை விட்டு நகராமல் நிற்பது, காலடி ஓசை கேட்டதும் "இது எந்த ஊருங்க?" என்று உரக்கக் கேட்பது, வீட்டிற்குத் தொலைபேசியில் தெரிவிப்பது. அடுத்த பேருந்தில் வந்து சேர்ந்தார். அன்றிரவு அந்த வீட்டில் பெரும் வாக்குவாதம். இனி அனுப்புவதில்லை என்றார் தாயார். "தப்பா இறங்கியும் வந்து சேர்ந்துட்டானே!" என்றார் தந்தையார். ஒரு வாரம் கழித்து மீண்டும் பேருந்து ஏறினார் மாணவர்.

"பிறர் உதவியில்லாமல் எவரால் வாழ முடியும்?" என்று சிலர் கேட்கக்கூடும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் ஃபஜ்ரு பாங்கு சொல்லியவர் பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள். விடிந்துவிட்டது என்று பிறர் சொல்லக் கேட்ட பின்னரே அவர் பாங்கு சொல்வார் என்று ஹதீஸில் வருகிறது. விடியலை அறிவித்தவர் யாரோ. பாங்கு சொன்னவர் அவரே. "மெதூர் வந்துடுச்சு" என்று நடத்துநர் குரல் கொடுப்பதும் இவ்வகை உதவியே. நபிகளார் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பையே அவரிடம் ஒப்படைத்துச் சென்றதும் உண்டு.

அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கும் இதே படிமுறைதான். காலம் மட்டும் கூடுதலாகும். ஒரே பேருந்து, ஒரே நேரம், ஒரே இருக்கை என்று தொடங்கலாம். இறங்குமிடத்தின் படத்தையும் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைக்கலாம். செவித்திறன் அற்றவர் போக வேண்டிய ஊரை எழுதிக் காட்டலாம். ஆனால், சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் போய்ப் பயிற்சி பற்றிப் பேசுவது நேர்மையன்று. உயரமான படிகளைக் கொண்ட பேருந்தில் ஏற எந்தப் பயிற்சியும் அவருக்கு உதவாது. அங்கே மாற வேண்டியது வண்டி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனை அரசின் கடமையாக்கியுள்ளது. மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றத்தில் நெடுநாள் வழக்காடிய பின், 2024 ஆகஸ்டில் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின.

பெண்மக்கள் நிலை இன்னும் கடினம். அதே தெருவில் போலியோவினால் கால் பாதிக்கப்பட்ட ஒரு பெண் தையல் நன்கறிந்தவர். ஊன்றுகோலுடன் நடக்க வல்லவர். அவரைப் பேருந்து ஏற்ற வீட்டார் இன்னும் துணியவில்லை. அச்சம் நியாயமானதே. ஆயினும், மகனுக்குக் கண்டுபிடித்த வழியை மகளுக்குத் தேடாமலே இருந்துவிடுகிறோம். அத்தையோ மாமியோ பின்னிருக்கையில் அமர்ந்து பழக்கலாமே!

உதவிகள் இல்லாமலில்லை. யு.டி.ஐ.டி. எனப்படும் தனி அடையாள அட்டையை முதலில் பெறுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளும் உடன் செல்லும் துணைவர் ஒருவரும் கட்டணமின்றிச் செல்ல 2021 முதல் தமிழக அரசு வகை செய்துள்ளது. மின்சார ரயிலில் தனிப் பெட்டி உண்டு. பயிற்சிக்குப் பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும், முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும் உள்ளன. மதுரையில் இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தை 1985இல் நிறுவிய எஸ்.எம்.ஏ. ஜின்னா அவர்கள் தாமே பார்வையற்றவர் என்பதனை நம் வீட்டார் அறிய வேண்டும். ஜமாஅத்தார் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. பேருந்து நிற்குமிடத்திற்குச் செல்லும் வழியில் கிடக்கும் வலைக் குவியலையும் மோட்டார் சைக்கிள்களையும் ஓரங்கட்டச் சொல்லலாம். இதற்குப் பணச்செலவே இல்லை.

நம் மாணவர் இப்போது சென்னை வரை செல்கிறார். பொன்னேரியில் ரயிலேறி அனுப்பம்பட்டு, மீஞ்சூர், நந்தியம்பாக்கம் என்று விரல்விட்டு எண்ணுகிறார். எண்ணூருக்கு முன் பாலத்தின் மீது வண்டியோசை மாறுவது அவருக்குக் கடிகாரம் போல. விம்கோ நகரில் இறங்கினால், 2021 பிப்ரவரி முதல் அங்கிருந்து மெட்ரோ உண்டு. மெட்ரோ நிலையத் தரையில் காலுக்குத் தட்டுப்படும் மஞ்சள் வரிக்கற்கள் அவருக்கு மிகவும் பிடித்தவை. அவை 1967இல் ஜப்பானின் ஒகயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டவை என்று நான் சொன்னபோது, "பழவேற்காட்டுக்கு எப்போ வரும் ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

சென்ற மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தாயாருக்குச் சர்க்கரை நோய். பொன்னேரி மருந்துக் கடைக்கான சீட்டை மகன் கையில் கொடுத்து, "போன தடவை மாதிரி இனிப்பு வாங்கிட்டு வந்துடாதே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.