விழி ஏற்பமைவும் வெள்ளெழுத்தும்

தொலைவில் உள்ள பொருளையும் அருகில் உள்ள பொருளையும் தெளிவாகக் காணும்பொருட்டு, விழிலென்சு தன் குவியத் தொலைவை மாற்றிக்கொள்ளும் திறன் விழி ஏற்பமைவுத் திறன் எனப்படும். வயது ஏற ஏற இத்திறன் குறைந்து, அருகில் உள்ள எழுத்துகள் மங்கலாகத் தெரிவதே வெள்ளெழுத்து ஆகும்.

கண்ணுக்குள் ஒளியைக் குவிப்பது லென்சுதான் என்று பலரும் எண்ணுகின்றனர். கதிர்கள் லென்சில் மட்டுமே வளைவதுபோல் வரையப்படும் படங்களும் இதற்கு ஒரு காரணம். உண்மையில் அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்வது கண்ணின் முன்புறத்தில் உள்ள கார்னியா என்னும் ஒளி ஊடுருவும் படலமே. ஒளி ஓர் ஊடகத்திலிருந்து மற்றொன்றுக்குச் சாய்வாகச் செல்லும்போது விலகலடைகிறது. இரண்டின் ஒளிவிலகல் எண்களுக்கு இடையே வேறுபாடு மிகுந்தால் விலகலும் மிகும். காற்றின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1, கார்னியாவுக்கு 1.38. லென்சின் இருபுறமும் நீர்மம் சூழ்ந்திருப்பதால் அங்கே வேறுபாடு குறைவு. கண்ணின் மொத்தத் திறன் சுமார் 60 டையாப்டர் என்றால், அதில் 43 வரை கார்னியாவின் பங்கு.

கிணற்று நீரில் மூழ்கிக் கண்ணைத் திறந்தவர்களுக்கு இது விளங்கும். நீரின் ஒளிவிலகல் எண் 1.33. அது கார்னியாவின் எண்ணுக்கு மிக அருகில் இருப்பதால் கதிர்கள் அங்கே அதிகம் வளைவதில்லை; எல்லாம் மங்கிவிடுகிறது. நீச்சல் கண்ணாடி அணிந்தால், கண்ணுக்கு முன்னால் மீண்டும் காற்று இருப்பதால் பார்வை தெளிகிறது.

அப்படியானால் லென்சு எதற்கு? கார்னியாவின் வளைவு மாறாதது. தொலைவுக்கும் அண்மைக்கும் ஏற்பத் திறனைக் கூட்டிக் குறைப்பது லென்சின் பணி. இதை நிறுவியவர் ஆங்கிலேய அறிவியலாளர் தாமசு யங். 1801இல் வெளியான தம் ஆய்வில், அவர் தம் கண்ணின்மீது நீர் நிரம்பிய சிறு குழாயைப் பொருத்தி, கார்னியாவின் திறனை ஏறக்குறைய இல்லாமலாக்கினார். அப்போதும் ஏற்பமைவு குறையவில்லை. ஆகவே மாறுவது கார்னியா அன்று என்பது தெளிவாயிற்று. தம் கண்ணையே கருவியாக்கிச் செய்த எளிய, துணிவான சோதனை இது. லென்சு எவ்வாறு வடிவம் மாறுகிறது என்பதைப் பிற்காலத்தில் ஜெர்மானியரான எல்ம்கோல்ட்சு விளக்கினார். லென்சைச் சுற்றியுள்ள சிலியரித் தசை சுருங்கும்போது, லென்சை இழுத்துப் பிடித்திருக்கும் மெல்லிழைகள் தளர்கின்றன. உடனே லென்சு தன் இயல்பான நெகிழ்வால் தடித்துத் திரண்டு, திறன் கூடுகிறது. மீன்களிலோ லென்சு வடிவம் மாறாமல், கேமராவில் நகர்வதுபோல் முன்னும் பின்னும் நகர்கிறது.

லென்சில் வாழ்நாள் முழுவதும் புதிய அடுக்குகள் சேர்ந்துகொண்டே இருக்கும், பழையவை உதிர்வதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அது இறுகுகிறது. தசை சுருங்கினாலும் லென்சு முன்போல் திரள்வதில்லை. பத்து வயதுச் சிறுவன் 10 சென்டிமீட்டருக்கும் அருகில் உள்ள எழுத்தைப் படித்துவிடுவான். நாற்பதைக் கடந்தவர் செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடிக்கத் தொடங்குவார். ஊசியில் நூல் கோக்க வாசல் வெளிச்சத்தைத் தேடுவார். வெளிச்சம் உதவுவதற்குக் காரணம் உண்டு. கண்பாவை சுருங்கும்போது கதிர்கள் விழித்திரையில் பரவுவது குறைந்து, பிம்பம் சற்றுக் கூர்மையாகிறது.

இக்குறையைக் குவிலென்சுக் கண்ணாடி சரிசெய்யும். தொடக்கத்தில் சுமார் +1 டையாப்டர் போதும்; அறுபது வயதுக்குள் +2.5 வரை தேவைப்படலாம். கண்ணாடி போட்டால் கண் அதற்குப் பழகிக் கெட்டுவிடும் என்று அஞ்சிப் பலர் தள்ளிப்போடுகின்றனர். தையற்காரர், பொற்கொல்லர் போன்றோருக்கு இது பிழைப்பையே பாதிக்கும். லென்சு இறுகுவது கண்ணாடி அணிவதாலன்று. அணியாதவருக்கும் அதே வயதில் அதே அளவில் இறுகும். எண் கூடுவதற்கும் கண்ணாடி காரணமன்று. கிட்டப்பார்வை உள்ள சிலர் தம் கண்ணாடியைக் கழற்றிவிட்டே படிக்கின்றனர். அவர்களுக்கும் ஏற்பமைவு குறைந்தே இருக்கும்.