பன்னிரண்டு மைல் வட்டம்

உங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளை இருந்தால், அவனுடைய தேசப்படப் புத்தகத்தைச் சற்று நேரம் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே போகப் போக ராஜ்யங்களின் எல்லைகள் எல்லாம், தாம்பாளத்தில் கொட்டிய மைசூர்பாகுக்கு வில்லை போட்டது போல, ஒரே நேர்கோடுகளாக இருப்பதைப் பார்ப்பீர்கள். கிழக்கே வந்தால் ஆறும் மலையும் கடலும் போன போக்கில் எல்லைகளும் நெளிந்து போகும்.

அந்தக் கிழக்குக் கரையில், பென்ஸில்வேனியாவுக்கும் மேரிலாண்டுக்கும் நடுவே, சுண்டுவிரலைப் போல ஒட்டிக்கொண்டிருக்கிறது டெலவேர். மொத்தமே மூன்று ஜில்லாக்கள்தாம். அதன் உச்சந்தலையை உற்றுப் பாருங்கள். நேர்கோடும் இல்லை, நெளிகோடும் இல்லை. அழகான ஒரு வளைவு! அங்கே ஆறு கிடையாது, மலை கிடையாது. யாரோ காம்பஸை ஊன்றிச் சுழற்றியது போல இருக்கிறதல்லவா?

உண்மையில் நடந்ததும் அதுதான். காம்பஸின் ஊசிமுனை ஊன்றிய இடம், டெலவேர் நதிக்கரையில் உள்ள நியூ காஸில் என்ற சிறிய ஊர். அங்கே செங்கல்லால் கட்டிய பழைய கோர்ட்டு ஒன்று இருக்கிறது. அதன் கூரைமேல் இருக்கும் சிறு கோபுரந்தான் வட்டத்துக்கு மையம். அங்கிருந்து 12 மைல் தூரத்தில் வளைந்து செல்கிறது எல்லை. அமெரிக்க ராஜ்யங்களின் எல்லைகளில் வட்டமாக வகுக்கப்பட்டது இது ஒன்றே என்று சொல்லுவார்கள்.

கடனுக்கு ஈடு

இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மன்னர், கடற்படைத் தலைவராக இருந்த ஸர் வில்லியம் பென் என்பவருக்கு 16,000 பவுன் பாக்கி வைத்திருந்தார். கடன் கொடுத்தவர் காலமாகிவிட்டார். அவருடைய மகனுக்கும் வில்லியம் பென் என்றே பெயர். அவர் குவேக்கர் என்ற சமயப் பிரிவைச் சேர்ந்தவர். தம் மதத்தாருக்கு நிம்மதியாக வாழ ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தார். கஜானாவிலிருந்து பணத்தை எடுப்பதைவிட, கண்ணால் காணாத அமெரிக்காவில் நிலத்தை எழுதிக் கொடுப்பது மன்னருக்குச் சுலபமாகப் பட்டது. 1681 மார்ச்சில் சாசனம் எழுதியாயிற்று. அந்த மண்ணில் காலங்காலமாக வாழ்ந்து வந்த லெனாப்பே மக்களை மன்னர் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. நியூ காஸில் மன்னரின் தம்பியான யார்க் கோமகனின் வசத்தில் இருந்தது. 1664-ல் டச்சுக்காரர்களிடமிருந்து பிடுங்கிய ஊர் அது. பென்னின் ஆட்கள் தம்பியின் ஊருக்குப் பக்கத்தில் வந்து தொந்தரவு கொடுக்கக் கூடாதே! ஆகவே, நியூ காஸிலிலிருந்து வடக்கிலும் மேற்கிலும் 12 மைல் தூரத்தில் ஒரு வட்டம். அதற்கு அப்பால்தான் பென்னின் நிலம் என்று சாசனத்தில் ஒரு வரி சேர்த்தார்கள்.

அடுத்த வருஷமே என்ன ஆயிற்று தெரியுமா? 1682 ஆகஸ்டில் யார்க் கோமகன் நியூ காஸிலையும் சுற்றியிருந்த 12 மைல் நிலத்தையும் அதே பென்னுக்குக் கொடுத்துவிட்டார்! இரண்டு வீட்டுக்கு நடுவே பார்த்துப் பார்த்துச் சுவர் எழுப்பிவிட்டு, மறு வருஷமே இரண்டு வீட்டையும் ஒருவருக்கே விற்ற கதைதான். சுவருக்கு இனி வேலையில்லை. ஆனால் எழுப்பிய சுவரை இடிக்க யாருக்கு மனசு வருகிறது?

அந்த அக்டோபர் மாதம் பென் நியூ காஸிலில் வந்து இறங்கினார். ஊரார் அவரிடம் கோட்டைச் சாவியைக் கொடுத்தார்கள். புல்லோடு பெயர்த்த மண்கட்டி, ஒரு மரக்கிளை, ஒரு பாத்திரத்தில் ஆற்று நீர் இவற்றையும் கையில் கொடுத்தார்கள். மண்ணும் மரமும் நீரும் இனி உம்முடையவை என்று அர்த்தம். தாரை வார்த்துக் கொடுக்கும் நம் பக்கத்து வழக்கம் நினைவுக்கு வருகிறது.

வெட்டுத் தழும்பு பன்னிரண்டு

பென் ஒருவருக்கே சொந்தமாக இருந்தும் இரு பக்கத்து ஜனங்களுக்கும் ஒத்துப்போகவில்லை. 1701-ல் வட்டத்தைத் தரையிலேயே போட்டுவிடுவது என்று முடிவாயிற்று. ஐஸக் டெய்லர், தாமஸ் பியர்ஸன் என்ற இருவர் சங்கிலியும் கையுமாகப் புறப்பட்டார்கள். நியூ காஸிலிலிருந்து நேர் வடக்கே 12 மைல் அளந்து, அங்கே நின்ற ஓக் மரத்தில் பன்னிரண்டு வெட்டு வெட்டி அடையாளம் வைத்தார்கள். பிறகு காட்டிலும் மேட்டிலும் சிறு சிறு துண்டாக அளந்து வளைவைப் போட்டார்கள். காகிதத்தில் போடுகிற வட்டமா இது? அங்கங்கே கோணிப் போயிற்று. அந்தக் கோணலெல்லாம் எல்லையில் இன்றும் இருக்கிறது. 1704-ல் கீழ்ப்பக்கத்து மூன்று ஜில்லாக்களும் தனிச் சட்டசபை வைத்துக்கொண்டன. அவைதாம் பின்னால் டெலவேர் ஆயின.

இதற்கிடையில் மேற்குப் பக்கத்தில் பால்டிமோர் பிரபு இருந்தார். மேரிலாண்டு அவருடைய குடும்பத்துக்கு 1632-லேயே எழுதிக் கொடுக்கப்பட்டது. 40-வது அட்சரேகை வரையில் தம்முடையது என்பது அவர் கட்சி. அதை ஒப்புக்கொண்டால் பென் ஆசை ஆசையாய்க் கட்டிய பிலடெல்பியா நகரமே மேரிலாண்டுக்குள் போய்விடும்! பென்னின் சாசனமோ, வட்டமும் 40-வது ரேகையும் சந்திக்கும் இடத்திலிருந்து எல்லை மேற்கே போகும் என்றது. சந்தித்தால்தானே? ரேகை நியூ காஸிலுக்கு 20 மைலுக்கு மேல் வடக்கே ஓடுகிறது. வட்டமோ 12 மைலில் நின்றுவிடுகிறது. படத்தைச் சரியாகப் பார்க்காமல் பத்திரம் எழுதினால் வேறென்ன ஆகும்?

இரண்டு குடும்பமும் மூன்று தலைமுறைக்கு வழக்காடின. எல்லையோரத்தில் அடிதடி, வீடு கொளுத்தல் எல்லாம் நடந்தன. வக்கீல்களுக்கு நல்ல அறுவடை. “12 மைல் என்று சொன்னால் அது வட்டத்தின் சுற்றளவு” என்றுகூட மேரிலாண்டுக்காரர்கள் வாதித்துப் பார்த்தார்கள். அப்படியானால் ஆரம் இரண்டு மைல்கூடத் தேறாது! இங்கிலாந்தில் ஹார்ட்விக் பிரபு தீர்ப்புச் சொன்னார்: 12 மைல் என்பது ஆரமே, மேடு பள்ளத்தில் ஏறி இறங்காமல் சமதளமாகவே அளக்கவேண்டும்.

சொல்லியாயிற்று, அளப்பது யார்? உள்ளூர் ஆட்களால் முடியாமல், கடைசியில் இங்கிலாந்திலிருந்து சார்லஸ் மேஸன், ஜெரமியா டிக்ஸன் என்ற இரண்டு வான சாஸ்திரிகளை வரவழைத்தார்கள். 1761-ல் சூரியனைச் சுக்கிரன் கடந்ததை நன்னம்பிக்கை முனையிலிருந்து கணித்தவர்கள் அவர்கள். (அதே காட்சியைப் பார்க்க நம் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுக்காரர் லெ ஜாந்தி, ஊர் ஆங்கிலேயர் கையில் சிக்கியதால் இறங்க முடியாமல் திரும்பினார் பாவம்.) மேஸனும் டிக்ஸனும் 1763 நவம்பரில் வந்து இறங்கினார்கள். இரவெல்லாம் நட்சத்திரம் பார்ப்பதும் பகலெல்லாம் மரம் வெட்டி வழி செய்வதுமாக 1767 வரையில் உழைத்தார்கள். தெற்கேயிருந்து நியூ காஸில் வட்டத்தைத் தொட்டுக்கொண்டு போகிற மாதிரி ஒரு கோடு, கிழக்கு மேற்காக ஒரு கோடு. மைலுக்கு ஒரு கல். ஐந்து மைலுக்கு ஒரு பெரிய கல். அந்தப் பெரிய கற்களில் ஒரு பக்கம் பென் குடும்பத்து முத்திரை, மறு பக்கம் பால்டிமோர் முத்திரை. கல்லெல்லாம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை!

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு மூலையில் வட்டமும் கோடுகளும் ஒட்டவில்லை. நடுவே ஆப்புப் போல 684 ஏக்கர் நிலம் தொங்கலில் நின்றது. டெலவேர் தன்னுடையது என்றது. பென்ஸில்வேனியா தன்னுடையது என்றது. அந்த ஆப்பு டெலவேருக்கே என்று முடிவாக, நம்புவீர்களோ மாட்டீர்களோ, 1921 ஆயிற்று.

ஆற்றிலும் வட்டம் விடவில்லை. யார்க் கோமகனின் பத்திரத்தை வைத்துக்கொண்டு, வட்டத்துக்குள் டெலவேர் நதி முழுவதும் எங்களுடையது, எதிர்க்கரையான நியூ ஜெர்ஸியின் ஓரத்துத் தண்ணீர் வரையில் எங்களுடையது என்று டெலவேர் சாதித்தது. அமெரிக்க ஸுப்ரீம் கோர்ட்டு 1934-ல் அதை ஒப்புக்கொண்டது. பின்னால் நியூ ஜெர்ஸிக் கரையில் எரிவாயுக் கப்பல்களுக்கு ஒரு துறை கட்டப் பார்த்தார்கள். டெலவேர் கூடாது என்றது. மறுபடி வழக்கு. நியூ ஜெர்ஸிச் சட்டசபை அங்கத்தினர் ஒருவர், காட்சிச்சாலையாக நிற்கும் பழைய போர்க்கப்பலைத் திரும்பவும் ஆயத்தம் செய்ய முடியுமா என்று விசாரிக்கிற அளவுக்குப் போனார்! 2008-ல் டெலவேர் பக்கமே ஜயித்தது.

கோட்டுக்கு அப்பால்

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய சங்கதிகள். இந்த வளைவைப் பற்றி எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல.

பென்ஸில்வேனியாவில் 1780-லேயே அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் செய்துவிட்டார்கள். டெலவேரில் செய்யவில்லை. ஆகவே ஒரு கோமகனின் சௌகரியத்துக்காகப் போட்ட வட்டம், உள்ளே நின்றால் அடிமை, வெளியே போனால் மனிதர் என்று ஆகிவிட்டது. தெற்கேயிருந்து தப்பி வருகிறவர்களுக்கு அந்த வளைவு கடைசி மைல். அந்தக் கடைசி மைல்களுக்கு நடுவே, வில்மிங்டன் நகரில், தாமஸ் காரெட் என்ற இரும்புச் சாமான் வியாபாரி குடியிருந்தார். நியூ காஸில் கோர்ட்டிலிருந்து அவர் வீடு ஆறு மைல். அங்கிருந்து வளைவு இன்னும் ஆறு மைல். அவரும் குவேக்கர்.

1845 டிசம்பரில் மேரிலாண்டிலிருந்து ஒரு குடும்பம் தப்பி வந்தது. தகப்பன் ஸாமுவேல் ஹாக்கின்ஸ் விடுதலை பெற்றவர். மனைவி எமலினும் ஆறு குழந்தைகளும் அடிமைகள். ஒரே வீட்டில் இப்படியும் இருக்க முடிந்தது அந்தக் காலத்தில்! டெலவேரில் ஜான் ஹன் என்ற இளம் விவசாயி அவர்களுக்குத் தம் பண்ணையில் இடம் கொடுத்தார். பின்தொடர்ந்து வந்தவர்கள் பிடித்துவிட்டார்கள். எட்டுப் பேரையும் நியூ காஸில் சிறையில் அடைத்தார்கள். வட்டத்தின் நட்டநடு மையத்தில்!

காரெட் ஓடி வந்தார். சிறையில் வைத்த உத்தரவு சட்டப்படி செல்லாது என்று டெலவேரின் பிரதம நீதிபதி பூத் அவர்களை விடுவித்தார். காரெட் உடனே வண்டி பிடித்துக் குடும்பத்தை ஏற்றி அனுப்பினார். குழந்தை குட்டிகளோடு வண்டி வில்மிங்டன் போய், வளைவைத் தாண்டி, பென்ஸில்வேனியா சேர்ந்தது.

சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா? காரெட்மீதும் ஹன்மீதும் வழக்குத் தொடுத்தார்கள். 1848 மே மாதத்தில் விசாரணை நடந்தது. எங்கே என்கிறீர்கள்? அதே நியூ காஸில் கோர்ட்டில். காம்பஸ் முனை ஊன்றிய கோபுரத்துக்கு அடியில். விசாரித்தவர்களில் ஒருவர் ரோஜர் டானி. அமெரிக்க ஸுப்ரீம் கோர்ட்டின் பிரதம நீதிபதி. கறுப்பர்கள் அமெரிக்கப் பிரஜைகள் ஆக முடியாது என்று 1857-ல் தீர்ப்பு எழுதியவர் இவரே. காரெட்டுக்கும் ஹன்னுக்கும் ஆயிரக்கணக்கான டாலர் தண்டம் விழுந்தது. ஹன் பண்ணையை விற்கும்படி ஆயிற்று. காரெட்டோ, அடைக்கலம் தேடுகிறவர் யாராவது இருந்தால் இனிமேலும் தம்மிடம் அனுப்பலாம் என்று கோர்ட்டிலேயே சொன்னார் என்கிறார்கள். அப்பொழுது அவருக்கு வயது 58.

சொன்னபடியே அனுப்பினார்கள். ஹாரியட் டப்மன் என்ற பெண்மணியின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். மேரிலாண்டில் அடிமையாகப் பிறந்து 1849-ல் தப்பியவர். பென்ஸில்வேனியாவுக்குள் கால் வைத்ததும், ‘நான் அதே ஆள்தானா’ என்று தம் கைகளைப் பார்த்துக்கொண்டதாகப் பின்னாளில் சொன்னார். தான் தப்பியது போதும் என்று இருந்துவிடாமல், திரும்பத் திரும்பப் போய்ப் பிறரையும் அழைத்து வந்தார். அப்படி வரும்போதெல்லாம் காரெட் வீடு அவருக்கு ஒரு தங்கல். 1854 டிசம்பரில் காரெட் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. ஹாரியட்டுக்கும் கூட வந்தவர் ஒருவருக்கும் காலணி தேய்ந்தே போய்விட்டதாகவும், இரண்டு டாலர் கொடுத்து, வண்டி வைத்து செஸ்டர் ஜில்லாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்ததாகவும் அதில் எழுதியிருக்கிறார். செஸ்டர் ஜில்லா என்றால் வளைவுக்கு அந்தப் பக்கம்.

1856 நவம்பரில் வில்மிங்டன் பாலத்தில் காவல் போட்டிருந்தார்கள். பாலத்துக்குத் தெற்கே ஹாரியட்டும் கூட்டமும் மறைந்திருந்தார்கள். காரெட் இரண்டு வண்டி நிறையக் கொத்தனார்களை ஏற்றி, வேலைக்குப் போகிறவர்களைப் போல ஆட்டமும் பாட்டுமாகப் பாலத்தைக் கடந்து போகச் சொன்னார். இராத்திரி அதே வண்டிகள் அதே கும்மாளத்தோடு திரும்பின. அடித்தட்டில் படுத்திருந்தவர்களைக் காவற்காரர்கள் பார்க்கவில்லை. 1850-ல் வந்த புதுச் சட்டப்படி பென்ஸில்வேனியாவிலும் பிடித்துக்கொண்டு போகலாம் என்று ஆகியிருந்ததால், அவர்கள் வளைவோடு நிற்காமல் கனடா வரையில் போனார்கள்.

1860 ஜனக்கணக்கில் டெலவேரில் 1,798 அடிமைகள் இருந்தார்கள். உள்நாட்டுப் போர் முடிந்து, 1865 டிசம்பரில் அரசியல் சட்டத் திருத்தம் அமுலுக்கு வந்த பிறகே அவர்கள் விடுதலையானார்கள். அந்தத் திருத்தத்தை டெலவேர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டது 1901-ல்.

காரெட் அதுவரையில் இருக்கவில்லை. சுமார் 2,700 பேருக்கு வழி காட்டியதாகக் கணக்கு வைத்திருந்த அவர் 1871-ல் காலமானார். வில்மிங்டன் வீதிகளில் அவருடைய சவப்பெட்டியைக் கறுப்பின மக்களே முறை வைத்துத் தோளில் சுமந்து கொண்டுபோய்க் குவேக்கர் கல்லறைத் தோட்டத்தில் வைத்தார்கள்.