உங்களுக்குத் தெரியுமா? இமயத்தின் டீக்கடை வழிகள்

● நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவாரம்வரை நடந்து போகக் கூடாரமும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். விமானத்தில் வந்து லுக்லாவில் இறங்கி நடந்தால், 5,164 மீட்டர் உயரத்திலுள்ள கோரக் ஷெப்வரை ஒவ்வொரு நாள் நடை முடியும் இடத்திலும் விடுதிகள் இருக்கின்றன. ‘டீ ஹவுஸ்’ என்ற பெயரைக் கேட்டு டீயும் பிஸ்கட்டும்தான் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பலகைச் சுவர் அறை, இரண்டு கட்டில், கனத்த போர்வை, கூடத்தின் நடுவே இரும்புக் கணப்பு, சுடச்சுடச் சோறும் பருப்பும் கிடைக்கும். பெரும்பாலும் அது ஒரு குடும்பத்தின் வீடும்கூட.

● இந்த விடுதி வழக்கம் வெளிநாட்டுப் பயணிகளுக்காகப் புதிதாக முளைத்தது அல்ல. முன்பு நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றங்கரை வழியே திபெத்து உப்பு தெற்கே இறங்கியது, தெற்கத்தித் தானியம் வடக்கே ஏறியது. அந்த வணிகர்களுக்குச் சோறு போட்டு, படுக்க இடம் கொடுத்த வீடுகளுக்கு ‘பட்டி’ என்று பெயர். தகாலி இனப் பெண்கள் அவற்றை நடத்துவதில் பேர் பெற்றவர்கள். நம் வைணவர்கள் சாளக்கிராமம் என்று போற்றும் முக்திநாத்துக்குப் போகும் வழியும் அதுதான். திருமங்கையாழ்வார் பாடிய தலத்துக்கு யாத்திரிகர்களும் உப்பு வணிகர்களும் ஒரே தடத்தில்தான் நடந்திருக்கிறார்கள்.

● லுக்லா விமானத் தளத்தை 1964இல் அமைத்தவர் எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி. மருத்துவமனை, பள்ளிக்கூடம் கட்டச் சாமான்கள் கொண்டுவரத்தான் அதைத் தொடங்கினார். புதிதாக வெட்டிய மண் கெட்டிப்பட வேண்டும், உருளை இயந்திரமோ கிடையாது. ஷெர்ப்பா மக்கள் கைகோத்து நின்று மிதித்து ஆடியே தரையை இறுக்கினார்கள். ஓடுதளத்தின் நீளம் 527 மீட்டர்தான், அதுவும் சரிவு. அதற்கு முன்பெல்லாம் காத்மாண்டுவிலிருந்து எவரெஸ்ட் வட்டாரத்துக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் நடக்க வேண்டியிருந்தது.

● அறை வாடகை மிகக் குறைவு. அதற்கு ஓர் எழுதாத ஒப்பந்தம் உண்டு: இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அங்கேயே சாப்பிட வேண்டும். விடுதிக்கு வருமானமே அடுப்படியில்தான். வேறு இடத்தில் சாப்பிட்டுவிட்டுப் படுக்க மட்டும் வருவது அந்த வீட்டு அக்காவின் வயிற்றில் அடிப்பது போல. (நேபாளியில் அவரை ‘தீதீ’ என்று கூப்பிட வேண்டும்.)

● மேலே போகப் போக விலை ஏறும். எவரெஸ்ட் வழியில் லுக்லாவுக்கு மேல் சாலை கிடையாது. அரிசியும் எரிவாயு சிலிண்டரும் பெரும்பாலும் விலங்குகளின் முதுகிலோ மனிதர் முதுகிலோதான் வந்து சேர வேண்டும்.

● 4,410 மீட்டரிலுள்ள டிங்போச்சேயில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தச் சூட்டில் பருப்பு லேசில் வேகாது. அதனால்தான் அவ்வளவு உயரத்திலும் சமையலறையில் குக்கர் விசில் கேட்கிறது. பருப்புச் சோறு வாங்கினால் மறுசோறு கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அதற்குத் தனிக்காசு இல்லை.

● இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இன்று படுக்கும் இடம் நேற்றுப் படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்குமேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஏறாமல் தங்க வேண்டும். 3,440 மீட்டரிலுள்ள நாம்சே பஜாரில் எல்லாரும் இரண்டு இரவு தங்குவது இதற்காகத்தான். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்தால் மறைக்காதீர்கள். நல்ல உடற்கட்டு உள்ள இளைஞருக்கும் இந்த உயர நோய் வரும். அறிகுறி முற்றினால் முதல் மருந்து கீழே இறங்குவதுதான். இரவானாலும் இறங்க வேண்டும். இமாலய மீட்புச் சங்கம் 1973இல் தொடங்கப்பட்டதே இப்படிப் போகும் உயிர்களைக் காக்கத்தான். பேரிச்சேயிலும் மனாங்கிலும் அதன் மருத்துவ நிலையங்கள் பருவகாலத்தில் இயங்குகின்றன.

● வழியில் சுமை ஏற்றிய மாட்டுக் கூட்டம் வந்தால் மலைச்சுவர் ஓரமாக ஒதுங்குங்கள். பள்ளத்தின் பக்கம் நின்றால் ஒரு மூட்டை இடித்தாலும் போதும், கீழேதான்.

● மந்திரம் செதுக்கிய கல்சுவர் குறுக்கிட்டால் அது உங்கள் வலக்கை பக்கம் இருக்கும்படி கடந்து போக வேண்டும். கோயிலை வலம் வந்து பழகிய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

● 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலின் மிச்சம், இரண்டே நாளில் நேபாளத்தின் அன்னபூர்ணா வட்டாரத்தில் பனிப்புயலாகக் கொட்டியது. 5,416 மீட்டர் உயரத் தோரோங் கணவாய்ப் பகுதியில் மாட்டிக்கொண்டவர்கள், மற்ற இடங்களில் சிக்கியவர்கள் என 40 பேருக்கும் மேல் இறந்தார்கள். வங்கக் கடலில் புயல் என்று செய்தி வந்தால், இமயத்தில் நடப்பவரும் விடுதியைவிட்டுக் கிளம்பக் கூடாது.

● சுமை தூக்குபவர்களின் கூடை ‘டோக்கோ’, நெற்றியில் மாட்டும் பட்டை ‘நாம்லோ’. நாம்சே வழியில் இவர்களை நிறுத்தி எடை பார்த்த ஆய்வு ஒன்று 2005இல் வெளிவந்தது. ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் 93 சதவீதமும், பெண்கள் 66 சதவீதமும் சுமந்தார்கள். ஒருவர் சுமந்தது 183 சதவீதம்! ‘டோக்மா’ என்னும் கட்டைக் கோலைக் கூடைக்கு அடியில் முட்டுக்கொடுத்து, நின்றபடியே இளைப்பாறிக்கொண்டு மெல்ல மெல்ல ஏறுகிறார்கள். பயணிகளின் பை தூக்குபவருக்குச் சுமை இதைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனாலும் உங்கள் பையில் தேவையில்லாமல் திணிக்கும் ஒவ்வொரு கிலோவும் ஒருவர் நெற்றியில்தான் தொங்கும். ஆள் அமர்த்தும்போதே அவருக்குக் குளிருடுப்பும் காப்பீடும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

● இரவுச் சாப்பாடு முடிந்ததும் கணப்போரம் உட்கார்ந்து நேரம் போவது தெரியாமல் பேசிக்கொண்டிருக்கத் தோன்றும். பல விடுதிகளில் அந்தக் கூடத்துப் பெஞ்சுகள்தான் வழிகாட்டிக்கும் சுமை தூக்கியவருக்கும் படுக்கை. நீங்கள் எழுந்து போகும்வரை அவர்களால் படுக்க முடியாது.