வாயில் நிலையும் மெசூசாவும்



வாயில் நிலையைப் போற்றும் வழக்கம் நமக்குப் புதியதன்று. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில், ஒற்றை லயக் காம்பிராவேயாயினும், பொங்கலன்று நிலைக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு மாவிலைத் தோரணம் கட்டுகின்றோம். யூத மக்களிடத்தும் இதனை ஒத்த வழக்கம் ஒன்று உண்டு. அதன் பெயர் மெசூசா. எபிரேய மொழியில் அச்சொல் முதற்கண் நிலைக்காலையே குறிக்கும்.

நமக்கு அண்மையில் இவ்வழக்கம் நிலவிய இடம் கொச்சி. அங்கே மட்டாஞ்சேரியில் 1568ஆம் ஆண்டு எழுந்த பரதேசி யூத ஆலயம் இன்றும் நிற்கின்றது. அதனை அடுத்த தெருவில் வாழ்ந்த யூதர் தம் வீட்டு நிலைகளில் மெசூசாவைப் பதித்திருந்தனர். 1948இல் இஸ்ரேல் நாடு தோன்றிய பின்னர் அவர்களுட் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர்.

மெசூசா என்பது யாது? பதப்படுத்திய தோற்சுருளில், உபாகமத்தின் 6ஆம், 11ஆம் அதிகாரங்களிலுள்ள இரு பகுதிகளைத் தேர்ந்த எழுத்தர் கையால் எழுதுவர். மொத்தம் 22 வரிகள், 713 எழுத்துகள். ஓர் எழுத்துச் சிதைந்தாலும் சுருள் பயன்படாது. அதனைச் சுருட்டி, மரத்தாலோ உலோகத்தாலோ ஆன சிறு கூட்டினுள் வைப்பர்.

இனி, அதனைப் பதிக்கும் முறையைக் காண்போம். உள்ளே நுழைவோரின் வலப்பக்க நிலைக்காலே உரிய இடம். நிலையின் உயரத்தை மூன்றாகப் பகுத்து, மேற்பகுதியின் அடியில் வைப்பர். ஆறடி நிலையாயின் தரையிலிருந்து நான்கடி உயரம். செபார்டி மரபினர் நேராக நிறுத்துவர். அஷ்கனாசி மரபினர் மேல்முனை வீட்டின் உட்புறம் நோக்குமாறு சாய்த்து வைப்பர்.

மேல்முனையில் மட்டும் ஆணியடித்துத் தொங்கவிடுதல் ஆகாது. மேலும் கீழும் இறுகப் பதிந்திருத்தல் வேண்டும். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரி போன்ற இடத்தில் இதற்குத் தனிக் கவனம் தேவை. இரும்பாணி துருப்பிடிக்கும், மரம் ஈரத்தில் பருத்து, வெயிலில் சுருங்குவதால் ஆணி நெகிழும். ஆகவே பித்தளைத் திருகாணியே சிறந்தது. பலா போன்ற வன்மரத்தில் நேரே முடுக்கினால் மரம் பிளக்கக்கூடும். திருகாணியினும் மெல்லிய துளையை முன்னரே இடுக. நிலை சீமெந்தாயின் துளையிட்டு, மரமுளை இறுக்கி, அதன்மேல் முடுக்குக. வலிய பசையும் ஏற்கத்தக்கதே. ஆயின் நிலையைத் துடைத்து நன்கு உலர்த்திய பின்னரே ஒட்டுதல் வேண்டும். ஈரம் எழுத்தை அழிக்குமாதலால், சுருளை நெகிழித்தாளில் பொதிந்து வைப்பது நன்று. ஏழாண்டுகளில் இருமுறை அதனை எடுத்துச் சோதிப்பது யூதர் விதி.

இவ்விதிகளுள் நம் சிந்தைக்குரியது ஒன்றுண்டு. மெசூசாவைப் பதிக்கும் கடமை வீட்டின் உடைமையாளருக்கு உரியதன்று. அங்குக் குடியிருப்பவருக்கே உரியது. வாடகைக்கு இருப்பவரும் பதித்தல் வேண்டும். வீடு மாறுங்கால், அடுத்து வருவோரும் யூதராயின், அதனைக் கழற்றாது விட்டுச் செல்லல் வேண்டும்.

லயத்தின் சுவரும் கூரையும் தோட்டத்துக்கு உரியனவாயிருக்க, தலைமுறை தலைமுறையாக அவற்றுள் வாழ்ந்தவர் நம் மக்கள். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியா சென்ற குடும்பங்கள் மஞ்சள் படிந்த நிலைகளை விட்டே சென்றன. உறுதிப்பத்திரம் எவர் பெயரில் இருப்பினும், வாழ்பவர் கையே ஒரு வாயிலை இல்லத்தின் வாயிலாக்குகின்றது. காணியுரிமை கேட்டு நிற்கும் நம்மவர், அவ்வுரிமை வரும்வரை நிலையைப் பேணாது விடவில்லை, விடவும் வேண்டா.