கடவுச்சீட்டு மாறினால் காணி போய்விடுமா?

வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்தில் காணிப் பேச்சு எடுத்தால் ஒரு கேள்வி தப்பாமல் வரும். "அண்ணா இப்ப கனடா சிற்றிசன். அவர்ட காணி இன்னும் அவருக்குத்தானா, இல்ல அரசாங்கத்துக்குப் போயிட்டுதா?" அந்த அண்ணா ஒரு காலத்தில் போராளியாக இருந்திருக்கலாம். 2009இல் காயத்தோடு பிடிபட்டு, புனர்வாழ்வு முடித்து, பிறகு கடல் கடந்தவராக இருக்கலாம். அவர் உள்ளே இருந்த காலத்தில் தாயும் தங்கையும் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் ஒரு கூடாரத்தில் இருந்திருப்பார்கள். இல்லை, தொண்ணூறுகளிலேயே இயக்கத்தை விட்டு விலகிச் சுவிசுக்குப் போனவராகவும் இருக்கலாம்.

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். குடியுரிமை மாறியது என்ற ஒரே காரணத்துக்காக எவருடைய உறுதிக் காணியும் பறிபோவதில்லை. காணி பறிபோகிற வழிகள் வேறு. அவை தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

அதற்கு முன், குடியுரிமை உண்மையிலேயே மாறியதா என்று பாருங்கள். வெளிநாட்டில் அகதியாக ஏற்கப்பட்டவரும், பீ.ஆர். கிடைத்தவரும், சுவிசில் 'சி' அனுமதி வைத்திருப்பவரும் இன்னும் இலங்கைப் பிரஜைகளே. தமிழ்நாட்டு முகாமில் முப்பது ஆண்டு இருந்தவரும் அப்படித்தான். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, வம்சாவழியால் பிரஜையான ஒருவர் தானாக விரும்பி இன்னொரு நாட்டின் பிரஜையாகும்போதுதான் இலங்கைப் பிரஜாவுரிமை அற்றுப்போகும். செட்டிகுளத்தில் இதை எல்லோரும் ஒரே மாதிரி அனுபவித்ததுமில்லை. மலையகத்திலிருந்து கலவரங்களுக்குத் தப்பி வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில், இந்த 1948ஆம் ஆண்டுச் சட்டமே நாடற்றவர்களாக்கிய முதியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் குடியுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டுச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்திருக்க வேண்டும் என்றது. போருக்கு அஞ்சி இந்தியாவுக்கு ஓடியவர்கள் அதில் விடுபட்டுப்போனார்கள். 2009ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அவர்களையும் சேர்த்துக்கொண்டது.

இனிக் காணிக்கு வருவோம். கையில் இருக்கும் தாள் எது என்பதே முதல் கேள்வி. நொத்தாரிசு முடித்த உறுதியா, அரசாங்கம் கொடுத்த பெமிற்றா?

உறுதிக் காணி என்றால் கதை எளிது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி உரிமை மாற்றுவதைத் தடுக்கிறது. இலங்கைப் பிரஜை அல்லாத எவரும் அந்தச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். செட்டிகுளத்தில் பிறந்து வளர்ந்தவருக்கும் விலக்கு இல்லை. ஆனால் அது தடுப்பது புதிதாக வாங்குவதைத்தான். ஏற்கெனவே பெயரில் உள்ள காணியை அது தொடுவதில்லை. அத்தோடு, தாய் தகப்பன் நன்கொடையாக எழுதினாலும், மரணசாசனத்தில் விட்டாலும், எதுவும் எழுதாமல் இறந்தாலும், நெருங்கிய உறவினர் என்ற வகையில் வெளிநாட்டுப் பிரஜையான பிள்ளைக்குக் காணி சேரலாம். இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவருக்கு இந்தத் தடையே இல்லை. பக்கத்துக் காணியை விலைக்கு வாங்கித் தன் பெயரில் எழுத வேண்டும் என்று லண்டன் கடவுச்சீட்டோடு வருகிறவருக்குத்தான் வழி அடைபட்டிருக்கிறது.

இதில் முன்னாள் போராளிகள் பலர் தடுக்கி விழுவது பெயரில். உறுதியில் வீட்டுப் பெயர். புதிய கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னும் பின்னுமாக மாறி, எழுத்துக்கூட்டலும் வேறாகி இருக்கும். சிலர் அகதி விண்ணப்பத்தையே வேறு பெயரில் கொடுத்திருப்பார்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று காட்டப் பிறப்புச் சான்றிதழ், பழைய அடையாள அட்டை, சத்தியக்கடதாசி எல்லாம் சேர்க்க வேண்டியிருக்கும். சாட்சி சொல்லக்கூடிய பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே செய்துவிட வேண்டிய வேலை இது.

பெமிற் காணி வேறு மாதிரி. வன்னியில் கூடுதலானவை இப்படிப்பட்ட காணிகள்தான்: 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வயலும் மேட்டுக்காணியுமாகக் கொடுக்கப்பட்டவை. அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். பெயர், துண்டு இலக்கம், ஏக்கர் - றூட் - பேர்ச் கணக்கில் பரப்பு, அதற்குப் பிறகு நிபந்தனைகள். காணியில் இருக்க வேண்டும், பயிர் செய்ய வேண்டும், பிரதேச செயலாளரின் அனுமதியின்றிக் கைமாற்றக் கூடாது. நீண்ட காலம் ஆளில்லாமல் கிடந்தால் நிபந்தனை மீறல் என்று அறிவித்தல் அனுப்பி, விசாரித்து, பெமிற்றை ரத்துச் செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது. அறிவித்தல் போகாமல், விளக்கம் கேட்காமல் ரத்துச் செய்ய முடியாது, மேன்முறையீடும் உண்டு. ஆனால் அந்த அறிவித்தல் 1990இல் விட்டுப்போன முகவரிக்கு வந்தால் யார் பார்ப்பது?

ஆகவே பெமிற் காணிக்காரர் செய்ய வேண்டிய முதல் வேலை, ஊரில் இருக்கும் இலங்கைப் பிரஜையான பிள்ளையையோ சகோதரத்தையோ பின்னுரித்தாளராக நியமித்துப் பதிவது. பதியாமல் இறந்தால் சட்டத்தின் அட்டவணைப்படிதான் உரிமை இறங்கும். அந்த அட்டவணையில் ஆண்பிள்ளைக்கு இருந்த முன்னுரிமையை 2022இல்தான் எடுத்தார்கள். போரில் ஆண்களை இழந்த ஒரு மாவட்டத்துக்கு அந்தத் திருத்தம் மிகவும் பிந்தி வந்தது என்பேன்.

இன்னொரு சிக்கலும் வன்னியில் உண்டு. விட்டுப்போன வளவில் பாலையும் வீரையும் முளைத்துக் காடாகிவிட, அது வனத் திணைக்களத்தின் எல்லைக்குள் காட்டப்பட்டுவிடுகிறது. அப்போது பேசுவது மண்ணில் மிஞ்சியிருப்பதுதான்: கிணற்றுக்கட்டு, வீட்டு அத்திவாரம், யாரோ நட்ட மாமரம், தென்னை. இவற்றைப் படமெடுத்து வையுங்கள். பெமிற் தொலைந்திருந்தாலும் பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டில் பெயர் இருக்கிறதா என்று தேடலாம்.

உறுதிக் காணிக்கு உண்மையான ஆபத்து பத்தாண்டு ஆட்சி. 1871ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமையாளருக்கு எதிராகத் தடையில்லாமல் பத்து ஆண்டு ஆண்டவர் நீதிமன்றத்தில் உரிமை கோரலாம். போர் காரணமாக வழக்குப் போட முடியாதவர்களுக்கென்று 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைப் பத்தாண்டுக் கணக்கில் சேர்க்காமல் விட அது வழிசெய்தது. அதைப் பயன்படுத்தக் கொடுத்த அவகாசமோ இரண்டே ஆண்டு. கனடாவிலும் நோர்வேயிலும் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் செய்தி எட்டியிருக்கும்? இது சரியான நீதி அல்ல. அந்தக் கதவை அரசு திரும்பத் திறக்க வேண்டும்.

ஆனாலும் கை கழுவிவிட வேண்டாம். பழைய சட்டத்தின் 13ஆம் பிரிவு, மற்றவர் காணிக்குள் வந்த வேளையில் உரிமையாளர் கடல் கடந்து இருந்தால் அதைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அதற்கும் முப்பது ஆண்டு எல்லை உண்டு. "பார்த்துக்கொள்" என்று நீங்கள் இருத்திவிட்டு வந்தவர், உங்கள் அனுமதியில் இருக்கும் வரை ஆட்சியுரிமை கோர முடியாது. கூட்டுச் சொந்தக்காரரான சகோதரனின் ஆட்சியும் எல்லோருக்குமான ஆட்சியாகவே கொள்ளப்படும். 1911இல் பிரிவிக் கவுன்சில் சொன்ன இந்த நியாயம் இன்னும் நிற்கிறது. அதனால் காணியில் இருப்பவரிடம் "உங்கள் அனுமதியில் இருக்கிறேன்" என்று எழுத்தில் ஒரு கடிதம் வாங்கிவையுங்கள். சொந்தத்துக்குள் எழுத்து எதற்கு என்று கூச்சப்பட்டவர்கள்தான் பிறகு வவுனியா நீதிமன்றத்துக்கு அலைகிறார்கள். பெமிற் காணியில் வந்து குந்தியவருக்கு எத்தனை ஆண்டு ஆனாலும் ஆட்சியுரிமை கிடையாது.

அரச படையில் இருந்தவர்களுக்கு ரணவிரு சேவை அதிகாரசபை என்று 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஒரு நிறுவனம் இருக்கிறது. மறுபக்கத்தில் நின்றவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. அவர் சாதாரண காணிச் சட்டத்துக்குள்தான் வழி தேட வேண்டும். போருக்குப் பின் ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வுக்கு உட்பட்டார்கள். புனர்வாழ்வு பெற்றதால் பிரஜாவுரிமையோ காணியுரிமையோ குறைவதில்லை. ஒரு விடயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஐக்கிய நாடுகள் ஒழுங்குவிதிகளின் கீழ் 2014 மார்ச்சில் 16 அமைப்புகளையும் 400க்கு மேற்பட்ட தனிநபர்களையும் அரசு பயங்கரவாதத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியல் பின்னர் பலமுறை மாறியிருக்கிறது. பட்டியலில் உள்ளவரின் சொத்து முடக்கப்படும். வெளிநாட்டில் அமைப்பு வேலை செய்தவர் காணி அலுவலைத் தொடங்குமுன் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவிடுவது நல்லது.

திரும்பி வந்து இருக்க விரும்புகிறவருக்கு இரண்டு வழி. முன்னாள் இலங்கையருக்கென்று வதிவிட வீசா இருக்கிறது. அதைக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டும். மற்றது இரட்டைப் பிரஜாவுரிமை. 2011இல் நிறுத்தி 2015இல் மீண்டும் தொடங்கினார்கள். நாட்டுக்கு நன்மை என்று அமைச்சர் திருப்திப்பட்டால்தான் கிடைக்கும். பொலிஸ் சான்றிதழும் கேட்பார்கள். 55 வயது தாண்டியிருப்பது ஒரு தகுதி. தொழில்சார் தகைமையும் வங்கி வைப்பும் வேறு தகுதிகள். இலங்கையில் 25 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட சொத்து இருப்பதும் ஒரு தகுதியாகக் கொள்ளப்பட்டு வருகிறது. செட்டிகுளத்து உறுதிக் காணியே அந்தத் தகுதியைத் தரக்கூடும். அதற்கு உறுதி விண்ணப்பகாரரின் பெயரில், வில்லங்கம் இல்லாமல், காணிப் பதிவகத்தில் பதிந்திருக்க வேண்டும். ஆகவே விண்ணப்பப் படிவத்தை நிரப்புமுன் பதிவகத்தில் காணியின் பதிவைத் தேடிப் பாருங்கள்.