உயிர் காக்கும் மூன்றாம் கம்பி

மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசிப்பது எங்கள் பிழைப்பு. ஆடி மாதத்துப் பெரியபாளையமாயினும், கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பங்குத் திருவிழாவாயினும், அழைத்த இடத்துக்குச் செல்கிறோம். முன்னாளில் இக்கனத்த ஒலிக்காக ஆளுயர டபுள் பேஸைச் சுமக்க வேண்டியிருந்தது. 1951-இல் அமெரிக்கரான லியோ ஃபெண்டர் நான்கு தந்திகளுடைய மின்சார பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொணர்ந்தார். சுமை குறைந்தது, மின்சாரம் உடன் வந்தது.

அதன் பொருளை மழை ஓய்ந்த ஓர் இரவில் உணர்ந்தோம். கைகள் தந்திகளில் இருக்க, உடன்பாட நெருங்கிய உதடு மைக்கில் பட்டது. மறுகணம் மேடையில் விழுந்து கிடந்தோம். கிட்டாரின் எஃகுத் தந்திகள் ஆம்ப்ளிஃபயரின் உலோகப் பெட்டியோடு இணைந்தவை. அப்பெட்டியை நிலத்தோடு சேர்க்கும் எர்த் கம்பி அன்று பிளக்கில் இல்லை. கசிந்த மின்சாரத்துக்கு எங்கள் உடலே பாலமாயிற்று.

நாங்கள் பிழைத்தோம். 1972 மே 3 அன்று வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீ நகர மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்ட கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மாண்டார். அவருக்கு வயது 27.

இப்போது சுருதி சேர்க்குமுன் டெஸ்டரால் தந்தியையும் மைக்கையும் சோதிக்கிறோம். மூன்று முள் பிளக் இல்லையேல் வாசிப்பதில்லை. விழாக் குழுவினர் மேடைக்கு எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியும் அமைத்துத் தரவேண்டும். பாடகர் குழுவுக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரும் இதனைக் கேட்கலாம். பாட்டு சற்றுத் தாமதித்துத் தொடங்கினால் குறைவில்லை. பாடச் சென்ற பிள்ளை வீடு திரும்ப வேண்டும்.