தும்பறைப் பாய்: வேலியோரத்து மடலிலிருந்து சுவருக்கு

கண்டியிலிருந்து கிழக்கே குண்டசாலைப் பக்கம் போனால் ஹேனாவல, கலாசிரிகம என்ற ஊர்கள் வரும். இங்கே நெய்யும் தும்பறைப் பாயின் கைத்திறனை யுனெஸ்கோ 2021இல் மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது. பேர்தான் பாய், இன்று பெரும்பாலும் சுவரை அலங்கரிக்கிறது.

மூலப்பொருள் 'ஹண' என்று சிங்களத்தில் வழங்கும் செடி, நம் ஆனைக்கற்றாழைக்கு உறவு. மடலைக் கட்டையின்மேல் வைத்து அழுத்திச் சுரண்டுவார்கள். பச்சைச் சதை வழிந்துபோக, வெளிறிய நார் மிஞ்சும். நீண்ட மடலை நிமிர்த்தி நிறுத்தியதே இந்த நார்தான். அதன் உறுதிக்கு வேறு சான்று வேண்டாம். சதை கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் நார் கெடத் தொடங்கும். அதனால் நன்றாக அலசி, வெயிலில் உலர்த்தி, சீவி எடுக்கிறார்கள். சாறு பட்டால் கை அரிக்கும். பாயைப் பார்ப்பவருக்கு இது தெரிவதில்லை.

மரபுச் சாயங்கள் மூன்று: பதிமுகக் கட்டையிலிருந்து சிவப்பு, மரமஞ்சளிலிருந்து மஞ்சள், கடுக்காயிலிருந்து கறுப்பு. கறுப்பு வரும் விதம் அருமையானது. கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமான டானின், சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்ததும் கருத்துவிடும். பழைய எழுதுமையும் இதே வேதியியல்தான். தரையை ஒட்டிய தறியில் இழைகளை எண்ணி எண்ணித் தூக்கி, குச்சியால் ஊடுநாரைச் செலுத்த, யானையும் மானும் பறவையும் மெல்ல உருவாகின்றன. மின்சாரம் எங்கும் வேண்டியதில்லை. பாய் கிழிந்தால் மண்ணோடு மக்கிப்போகும்.

யாழ்ப்பாணத் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளியிட்ட 'இடைக்காலச் சிங்களக் கலை' நூலில் கண்டி நாட்டின் கைவினைகளை விரிவாகப் பதிவு செய்தார். தும்பறைப் பாயை நெய்தவர்கள் கின்னரர் என்ற சாதியினர். கண்டி அரண்மனைக்குப் பாய் நெய்து கொடுப்பது அவர்களுடைய ராஜகாரியம், அதாவது அரசருக்குச் செய்யவேண்டிய ஊழியம். சாதி வரிசையிலோ அவர்களைக் கீழ்ப்படியில் வைத்திருந்தார்கள். கையின் வேலையை மெச்சி, அந்தக் கைக்குரியவரை ஒதுக்கியது பெரும் அநீதி. இளையவர்கள் தறியை விட்டு விலகினால் கூலியை மட்டும் காரணம் சொல்லக்கூடாது என்பது என் எண்ணம்.

நம் பத்தமடைக் கோரைப் பாய் நெசவிலும் இளையவர்கள் குறைந்துவருகிறார்கள். செடி வேலியோரத்தில் தானே வளரும்; இழை எண்ணும் கை அப்படி வளராது, பக்கத்தில் உட்கார்ந்துதான் பழகவேண்டும். கண்டிக்குப் போனால் கடையோடு திரும்பிவிடாமல் ஹேனாவல வரை போய் வாருங்கள். நெய்தவர் கையிலிருந்தே பாயை வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள்.